மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஓர் இறப்பர்த் தோட்டம். 2013ஆம் ஆண்டு ஆனி மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அத்தோட்டத்து லயமொன்றின் காம்பராவுக்குள், பழைய டி.வி. பெட்டியொன்றின் பின்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் ஒரு தாயும். மாதர் சங்கக் கூட்டத்துக்காகப் போன இடத்தில் "மிஸ், இத கொஞ்சம் பாருங்களேன்" என்று அவர் கூப்பிட்டதால் போனேன்.

அவரது பெயரை இங்கே எழுதவில்லை. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர், மூன்று வயதில் பெற்றோரோடு வன்னிக்குப் போனார். 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து இப்படிப் போன குடும்பங்கள் பல. அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, 2009இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, ஒரே மகனுடன் அக்காவின் காம்பராவுக்குத் திரும்பி வந்தவர். பால் வெட்டப் போகிறார்.

மகனுக்குப் பத்து வயது. பாடசாலை விட்டதும் பஜாருக்குப் போய்விடுவான். அங்கே ஒரு கடையில் அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை டி.வி. கேம் விளையாட விடுவார்கள். காசு முடிந்தால் கடன். "இருட்டின பிறகுதான் மிஸ் வாறான். றோட்டுல தவறணைக்கு முன்னால எல்லாம் குடிச்சிட்டு நிப்பாங்க. நான் டோர்ச் எடுத்துக்கிட்டு தேடிப் போறேன்" என்றார். அடித்தும் பார்த்தாராம், கெஞ்சியும் பார்த்தாராம்.

அப்படியிருக்கையில்தான் அக்காவின் மூத்த மகள் சவூதியில் வீட்டு வேலை முடித்து வந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துப் போட்ட கேம் பெட்டியொன்றையும், கசற்றுகளையும், ஒரு விளையாட்டுத் துவக்கையும் கொண்டு வந்திருந்தாள். இனிப் பையன் வீட்டிலேயே இருப்பான் என்று தாய்க்குப் பெரிய நிம்மதி. ஆனால் பொருத்தினால் படம் வரவில்லை. டி.வி.யையும் கேமையும் ஓட்டோவில் ஏற்றி ஒரு கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "செட் முடிஞ்சு போச்சு, இந்தக் கேம் இதுக்குச் சரிவராது, புது டி.வி. வாங்குங்க" என்று சொல்லிவிட்டாராம். பார்த்ததற்குக் காசு, ஓட்டோவுக்குக் காசு. இரண்டு நாள் பேர் அதோடு போயிற்று.

நாங்கள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது கண்டது இவ்வளவுதான். அந்த டி.வி.யின் பின்னால் மஞ்சள், வெள்ளைத் துளைகள் இரண்டு சோடி இருந்தன. ஒரு சோடியின் மேல் 'இன்' என்றும் மற்றதன் மேல் 'அவுட்' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இன் என்பது டி.வி. உள்ளே வாங்கும் வழி. அவுட் என்பது டி.வி. வெளியே அனுப்பும் வழி. கேம் வயர் அவுட்டில் செருகியிருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் இப்படி நினைவில் வைக்கலாம்: இன் என்பதில் இரண்டு எழுத்து, அவுட் என்பதில் மூன்று எழுத்து. இரண்டெழுத்துள்ள பக்கத்தில்தான் செருக வேண்டும். டிஷ் பெட்டியிலும் கேம் பெட்டியிலும் இது மாறும். அவை அனுப்புகிற பெட்டிகள் என்பதால் அங்கே மூன்றெழுத்துள்ள பக்கம்.

செருகிய பின்னர் ரிமோட்டில் ஏ.வி. என்ற பொத்தானை அமுக்கினோம். சில ரிமோட்டில் டி.வி./ஏ.வி. என்றிருக்கும், சிலவற்றில் சதுரத்துக்குள் ஓர் அம்புக்குறி இருக்கும். படம் வந்துவிட்டது! ஆனால் கறுப்பு வெள்ளையில், அதுவும் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மூன்று நிறமும் அன்டெனாத் துளையும்

மஞ்சள் வயரில் வருவது படம் மட்டும். வெள்ளை வயரில் இடப்பக்கச் சத்தம், சிவப்பில் வலப்பக்கச் சத்தம். டி.வி.யில் வெள்ளைத் துளை மாத்திரம் இருந்தால் சிவப்பைச் சும்மா விட்டுவிடலாம், பெரும்பாலான பழைய கேம்களுக்கு ஒன்றும் குறையாது. நிறத்தை மாற்றிச் செருகினால் டி.வி. எரிந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். எரியாது. இந்த வயர்களில் ஓடுவது ஒரு டோர்ச் பற்றரி அளவுக்கும் குறைந்த மின்சாரம். மாற்றிச் செருகினால் படம் வராது, அல்லது ஸ்பீக்கரில் 'பர்ர்' என்று இரையும். திரும்ப மாற்றினால் சரி.

இந்தப் பிளக் 1930களில் அமெரிக்காவின் ரேடியோ கோர்ப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்ற கம்பெனி வானொலிப் பெட்டிகளுக்காகச் செய்தது. அதனால்தான் கடைகளில் இன்றும் ஆர்.சி.ஏ. வயர் என்கிறார்கள். டெக்குக்கும், டி.வி.டி.க்கும், டிஷ் பெட்டிக்கும், கேமுக்கும் இதே வயர்தான். 'கேம் வயர்' என்று தனியாக விலை சொன்னால், வீட்டில் பழுதாகிக் கிடக்கும் டி.வி.டி. பெட்டியின் வயரை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். ப்ளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளில் மட்டும் கேம் பக்கத்து முனை வேறு வடிவில் இருக்கும், டி.வி. பக்கத்து முனை இதே மூன்று நிறம்தான்.

இன்னும் பழைய டி.வி.களில் இந்த நிறத் துளைகளே இல்லை. அன்டெனா வயர் செருகும் துளை ஒன்றுதான் உண்டு. அதற்கும் வழியிருக்கிறது. பழைய கேம் பெட்டிகள் படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, ஒரு டி.வி. அலைவரிசையைப் போல அன்டெனா வயர் வழியே அனுப்பும். அதாவது அந்தப் பெட்டி ஒரு குட்டி ரூபவாஹினி நிலையம். வயரை அன்டெனாத் துளையில் செருகி, கேமை ஒன் பண்ணிய பின்னர்தான் டி.வி.யில் அலைவரிசை தேட வேண்டும். கேமை ஓஃப் பண்ணி வைத்துக்கொண்டு தேடினால் எப்படிக் கிடைக்கும்? அனேகமாக 3 அல்லது 4ஆம் அலைவரிசைப் பக்கத்தில் அகப்படும். பெட்டியின் பின்னால் 3, 4 என்று ஒரு சிறிய சுவிட்ச் இருந்தால், ஒன்றில் புள்ளி விழுந்தால் மற்றதற்கு மாற்றிப் பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படம் வரும், சத்தத்துக்குப் பதிலாக வெறும் இரைச்சல் வரும். சீனாவில், அந்நாட்டுப் பாவனைக்கென்று செய்த பெட்டிகளில் சத்தம் வருகிற இடைவெளி எமது டி.வி. எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபடும். எமது நாட்டில் 5.5 மெகாஹேர்ட்ஸ், அங்கே 6.5. டி.வி. மெனுவில் சவுண்ட் சிஸ்டம் என்ற இடத்தில் பி/ஜி என்றிருப்பதை டி/கே என்று மாற்றினால் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும். கேம் முடிந்ததும் திரும்ப பி/ஜிக்குக் கொண்டு வராவிட்டால் இரவு நாடகத்தில் சத்தம் வராது, வீட்டில் சண்டை வரும்.

ஓர் அகதிப் பையனின் யோசனை

கேம் பெட்டியை அன்டெனாத் துளையில் செருகலாம் என்று முதலில் யோசித்தவரின் கதையை வாசகிகளுக்குச் சொல்லாமல் போக மனமில்லை. அவர் பெயர் ரால்ப் பேயர். 1922இல் ஜேர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் ஆட்சியில் யூதப் பிள்ளை என்பதற்காகப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டார். 1938இல், யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் ஒரே இரவில் எரித்த அந்தக் கார்த்திகை மாதக் கொடுமைக்குச் சிறிது காலம் முன்பாக, குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அப்போது வயது பதினாறு. ஒரு தொழிற்சாலையில் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். வானொலி திருத்தும் வேலையைத் தபால் மூலம் படிக்கலாம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. படித்தார். 1940இல் அதை முடித்து, நியூயோர்க்கில் வானொலிப் பெட்டிகள் திருத்தினார். போர் முடிந்த பிறகு தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றார்.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாம் திகதி, நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். வீடு வீடாக டி.வி. இருக்கிறது, நிலையத்தார் தருவதைப் பார்ப்பதைத் தவிர அதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்பதுதான் அதன் கேள்வி. அக்காலத்து டி.வி.யில் உள்ளே போவதற்கு இருந்த ஒரே வாசல் அன்டெனாத் துளை. அந்த வாசலாலேயே அவர் உள்ளே போனார். 1972இல் அது ஒடிசி என்ற பெயரில் மக்னவொக்ஸ் கம்பெனியால் விற்பனைக்கு வந்தது. சத்தமே இல்லாத கேம். நிறமும் இல்லை, திரையின் மேல் நிறப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி விளையாட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், மக்னவொக்ஸ் டி.வி. இருந்தால்தான் இது வேலை செய்யும் என்று அந்நாட்டு மக்களில் பலர் நம்பிவிட்டார்கள். உண்மையில் எந்த டி.வி.யிலும் வேலை செய்தது. 'இந்தச் செட்டுக்கு இது சரிவராது' என்ற பேச்சு யட்டியாந்தோட்டையில் தொடங்கியதல்ல.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983 ஆடி மாதத்தில் வெளியிட்ட பெமிலி கொம்பியூட்டர் என்ற பெட்டிக்கும் அன்டெனா வழி ஒன்றுதான். மஞ்சள் வயர் வசதி 1993இல் வந்த புது மொடலில்தான் கிடைத்தது. அதைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகள் உலகமெங்கும் போயின. ரஷ்யாவில் 1992 முதல் டென்டி என்ற பெயரில் விற்றார்கள். எமது பக்கத்தில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் எல்லாமே 'டி.வி. கேம்'தான்.

படம் ஏன் ஓடியது?

இனிக் கறுப்பு வெள்ளைக் கதை. உலகில் கலர் டி.வி.க்கு ஒரே முறை இருக்கவில்லை. அமெரிக்காவும் ஜப்பானும் என்.டி.எஸ்.சி. என்ற முறையை வைத்திருந்தன. அதில் 525 கோடுகளால் படம் வரையப்படும், செக்கனுக்கு 60 தடவை திரை புதுப்பிக்கப்படும். நாம் எடுத்துக்கொண்டது பால் என்ற முறை. 625 கோடு, 50 தடவை. 1982 பெப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினி ஜப்பான் நாட்டு நன்கொடையில் கட்டப்பட்டது. ஆனாலும் ஜப்பானிய முறை இங்கு வரவில்லை. ஆகவே ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கேம் பெட்டிகளை எமது பழைய டி.வி.யில் பொருத்தினால் இரண்டும் வேறு வேறு பாஷை பேசும். படம் நிறமிழக்கும், அல்லது ஓடும்.

இதற்காக டி.வி.யை மாற்ற வேண்டியதில்லை. 1990களின் பின்னர் வந்த பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டு பாஷையும் தெரியும், நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் ஓட்டோ என்று வைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் என்.டி.எஸ்.சி. 3.58, பிறகு 4.43 என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அன்று அந்தத் தாய்தான் ரிமோட்டை அமுக்கினார். மூன்றாவது அமுக்கலில் ஓட்டம் நின்று, வானம் நீலமாயிற்று. பையன் கையடித்தான். "அப்ப அந்த ஆள் ஏன் முடிஞ்சு போச்சுன்னு சொன்னான்?" என்று தாய் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

பால் மட்டுமே தெரிந்த பழைய செட் என்றால் நிறம் வராது. கறுப்பு வெள்ளையில் விளையாடலாம், பிள்ளைகளுக்கு அது பெரிய குறையல்ல.

வெள்ளைப் பிளக்

பையன் முதலில் போட்டது துவக்குக் கேம். அந்தச் சிறிய காம்பராவுக்குள், தகரக் கூரையின் மழைச் சத்தத்தையும் மீறி, வெடிச் சத்தம் தொடர்ந்து கேட்டது. தாய் எழுந்து இஸ்தோப்புக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. ரிமோட்டில் குறைத்து விடலாமே என்றேன். "குறைச்சா கூட்டுவான் மிஸ். நான் மலைக்குப் போன நேரம் பூரா கூட்டித்தான் வைப்பான்."

பிறகு அவரே கேட்டார், "சத்தம் எந்த வயருல வருதுன்னு சொன்னீங்க?"

வெள்ளை என்றேன். உள்ளே போய் வெள்ளைப் பிளக்கைப் பிடுங்கினார். படம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றது. பையன் சிணுங்கினான். "நீ சுடு, எனக்குக் கேக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, தொங்கிய வெள்ளைப் பிளக்கை ஒட்டுப்பால் துண்டொன்றால் டி.வி.யின் பின்னால் இறுக்கிக் கட்டினார். கார் ஓட்டுகிற கேம், பழம் பொறுக்குகிற கேம் என்றால் அவிழ்த்துக் கொடுப்பதாக ஒப்பந்தம். பத்து வயதுப் பையனுக்கு வெள்ளைப் பிளக்கைத் தானே செருகத் தெரியாதா? தெரியும்தான். ஆனால் அம்மா கட்டிய முடிச்சை அவன் அவிழ்க்கவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அன்டெனா வழியில் பொருத்தியிருந்தால் இது முடியாது. அதில் படமும் சத்தமும் ஒரே வயரில் கலந்து வரும். துவக்குச் சத்தம் பிள்ளைகளுக்கே ஆகாத வீடுகளும் எமது வாசகிகளிடையே உண்டு. அவர்களுக்கு அந்தக் கசற்றையே எடுத்து வைத்துவிடுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

விளையாட்டுத் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது குழாய் வைத்த பழைய டி.வி.யில்தான் வேலை செய்யும். துவக்கிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் வாயில் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும், அந்த வெள்ளையைக் கண் காண்கிறதா என்றுதான் பார்க்கும். தட்டை டி.வி.யில் படம் சற்றுப் பிந்தி வருவதால் கணக்குத் தவறிவிடும். துவக்குப் பழுது என்று யாரும் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும்

மேலே சொன்ன வயர்களில் பிழை விட்டால் ஒன்றும் ஆகாது. மின்சாரத்தில் அப்படியல்ல. ஜப்பான் வீடுகளில் கரண்ட் 100 வோல்ட். சவூதி வீடுகளில் முன்பு 127 வோல்ட், 220 வோல்ட் இரண்டும் பாவனையில் இருந்தன. எமது சுவரில் வருவது 230. வெளிநாட்டிலிருந்து வந்த அடப்டரை அப்படியே சொருகினால் புகைதான் வரும். அடப்டரின் மேல் இன்புட் என்ற இடத்தில் 100–240 அல்லது 220–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. 100 அல்லது 110 அல்லது 120 மாத்திரம் என்றால் சொருகவே வேண்டாம். கேமின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்குப் பொருத்தமான அடப்டரை இங்கேயே வாங்குங்கள். அதிலும் நடுக்குழியில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஒரு சிறிய வட்டப்படம் போட்டிருக்கும். பெட்டியிலும் அடப்டரிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது கேம் பெட்டியையே கையில் கொண்டு போவது உத்தமம். கார் பற்றரியில் டி.வி. பார்த்துப் பழகியவர்கள் 12 வோல்ட்டை நேரே 9 வோல்ட் கேமுக்குக் கொடுக்க வேண்டாம், உள்ளே சூடேறிக் கெட்டுவிடும்.

குழாய் டி.வி.யின் பின்மூடியைக் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். எமக்கு வேலை இருப்பது வெளியிலுள்ள துளைகளோடு மட்டும்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமின்னல் கடுமையானது என்பது உங்களுக்குத் தெரியும். வானம் இருண்டதுமே, மின்னல் தொடங்குவதற்கு முன், டி.வி.யின் கரண்ட் பிளக்கையும் அன்டெனா அல்லது டிஷ் வயரையும் கழற்றி விடுங்கள். டிஷ் பெட்டியும் கேமும் ஏ.வி. வயரால் டி.வி.யோடு கட்டுண்டிருப்பதால், டிஷ் வழியே வரும் இடி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டு போய்விடும். மின்னிக்கொண்டிருக்கும்போது வயரில் கை வைக்கக் கூடாது.

படம் விட்டுவிட்டு வந்தால் செட்டைச் சந்தேகிக்கும் முன் பிளக்கைப் பாருங்கள். எமது ஈரக் காற்றில் பிளக்கின் உலோகம் கறுத்துப் பாசி பிடிக்கும். எல்லாவற்றையும் ஓஃப் பண்ணிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, நாலைந்து தரம் திருகிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தத் தாயைப் பிறகும் சில முறை சந்தித்தேன். டி.வி.யில் இருந்த ஒரேயொரு ஏ.வி. வழிக்கு டிஷ் பெட்டியும் கேமும் போட்டி போட்டதால், துளைகள் தேய்ந்துவிடாமலிருக்க, பொத்தானால் மாற்றிக்கொள்ளும் சிறிய ஏ.வி. சுவிட்ச் பெட்டியொன்றை வாங்கிப் போட்டிருந்தார். நாடக நேரம் அக்காவுக்கு, அதற்கு முன் பையனுக்கு. பஜார்க் கடைக்கு அவன் போவது நின்றுவிட்டதா என்று கேட்டேன். "சனிக்கிழமை மட்டும் போறான், வெளிச்சத்தோட வந்துடுவான்" என்றார். பக்கத்துக் காம்பராக்களில் டிஷ் படம் வராவிட்டாலும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். காசு வாங்குவதில்லை. ஒருமுறை பலாக்காய் கொடுத்தார்களாம்.

சில வருடங்களுக்குப் பின் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். மேல் லயத்தில் யாரோ புதுத் தட்டை டி.வி. வாங்கியிருக்கிறார்கள். அதில் மூன்று நிறத் துளைகள் இல்லை, ஒரேயொரு சிறிய துளை, அதற்கு மூன்று வளையம் போட்ட ஒற்றைப் பிளக் வயர். கடையில் வாங்கிய வயரைப் போட்டால் மஞ்சளில் சத்தமும் சிவப்பில் படமும் வருகிறது என்றார். அந்த ஒற்றைப் பிளக்கின் வளைய ஒழுங்கு எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல, நிறத்தைப் பார்க்காமல் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகுங்கள் என்று விளக்கத் தொடங்கினேன்.

"மாத்திட்டேன் மிஸ், படமும் வந்துருச்சு. சும்மா சொல்லத்தான் எடுத்தேன்."